"அப்பா என்ன பண்றார்?": 75 மார்க் இன்டர்வியூவின் கதை

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க. வீட்டில் ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளை இருந்தா பக்கத்தில் உட்கார வெச்சுப் படிங்க.

போன வாரம் நைட் டியூட்டி. ரெண்டு மணி இருக்கும், வார்டு கொஞ்சம் அடங்கின நேரம். எங்க வார்டில் துப்புரவு வேலை பார்க்கிற அக்கா தயங்கித் தயங்கி வந்து நின்னாங்க. "சார், பாப்பாவுக்கு காலேஜ்ல இருந்து இன்டர்வியூன்னு மெயில் வந்திருக்கு. என்ன கேப்பாங்க சார்?"

வெளிமாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். எழுத்துத் தேர்வில் பாஸ் ஆகிட்டா. அடுத்து 20 நிமிஷம் ஆன்லைன் இன்டர்வியூ. அதில் தேறி முழு ஸ்காலர்ஷிப்பும் கிடைச்சாதான் போக முடியும், இல்லேன்னா வீட்டில் கட்ட வழியில்லை.

மறுநாள் காலையில் பொண்ணை வரச் சொன்னேன். பாடத்தைப் பத்தி ஏதாவது கேட்பான்னு நினைச்சேன். அவ கேட்ட முதல் கேள்வி: "அப்பா என்ன பண்றார்னு கேட்டா என்ன சார் சொல்றது?"

அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குறவர்.

உண்மையைச் சொல்றேன், எனக்கு சட்டுனு பதில் வரலை. காரணம், நான் டாக்டர் ஆகறதுக்கு யாரும் என்னை இன்டர்வியூ பண்ணவே இல்லை. 2008-ல் எனக்கு ப்ளஸ் டூ மார்க், 200-க்கு ஒரு கட்-ஆஃப், அவ்வளவுதான். கவுன்சிலிங் ஹாலில் ஸ்கிரீனைப் பார்த்தேன், சீட் இருக்கிற காலேஜைச் சொன்னேன், பேப்பரைக் கையில் கொடுத்தாங்க. ஏன் டாக்டராக ஆசைப்படுறேன்னு ஒருத்தரும் கேட்கலை. கேட்டிருந்தா அந்த வயசில் உளறியிருப்பேன்.

ஆனா நமக்கு முந்தின தலைமுறை டாக்டர்கள் அந்த ரூமுக்குள்ளே போய்த்தான் வந்தாங்க. அந்த ரூமின் கதை பலருக்கும் தெரியாது. அந்தப் பொண்ணுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன்.

1970-க்குப் போவோம். அப்போ ப்ளஸ் டூ கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி முடித்து, கல்லூரியில் ஒரு வருடம் பி.யு.சி படித்து, அந்த மார்க்கை வைத்து மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் இருந்த கணக்கு இது: விருப்பப் பாட மார்க்குக்கு 200, இன்டர்வியூவுக்கு 75. மொத்தம் 275.

அந்த 200-ஐக் கவனிச்சீங்களா? நான் சேர்ந்தப்போ இருந்த கட்-ஆஃபும் 200-க்குத்தான். நடுவில் காணாமல் போனது அந்த 75.

75 மார்க்கை எதற்குக் கொடுப்பார்கள்? ஐந்து தலைப்புகள் இருந்தன. விளையாட்டு அல்லது என்.சி.சி. பாடத்துக்கு வெளியே செய்த சிறப்புச் சேவை. உடல்நிலையும் தாங்கும் திறனும். பொதுத் திறமை. பிறகு ஆப்டிட்யூட், அதாவது இந்தப் படிப்புக்கு ஏற்ற மனப்பாங்கு.

காகிதத்தில் படித்தால் ஒரு குறையும் தெரியாது. நோயாளியிடம் முகம் கொடுத்துப் பேசத் தெரியாத, நாலு ராத்திரி முழிக்க உடம்பு தாங்காத ஆளை மார்க்கை மட்டும் பார்த்து எடுத்துவிடக் கூடாது என்பது நியாயமான எண்ணம்தான். மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினவனை விட, கொஞ்சம் மார்க் குறைந்தாலும் ஈரமுள்ள பிள்ளை நல்ல டாக்டராக வரலாம். இதை நானும் நம்புறேன். எங்க பேட்ச்சிலேயே ரெண்டு வகையையும் பார்த்திருக்கேன்.

பிரச்சினை அந்தத் தலைப்புகளுக்கு அடியில் இருக்கு. என்.சி.சி இருக்கிற ஸ்கூலில் படித்தால்தானே என்.சி.சி? விளையாட்டு சர்டிபிகேட் வேணும்னா மைதானமும் பி.டி. மாஸ்டரும் வேணும். ஸ்கூல் விட்டதும் ஆடு மேய்க்கவோ கடையில் நிற்கவோ போக வேண்டாத வீடும் வேணும். "பொதுத் திறமை" என்றால் என்ன? எதிரே மூன்று பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளாமல் பேசுவது என்று வைத்துக்கொண்டால், அதில் பாதி சின்ன வயசிலேயே வீட்டுக்கு வந்துபோகிற டாக்டர் மாமாவிடமும் வக்கீல் சித்தப்பாவிடமும் பேசிப் பழகினதில் வருவது.

அந்த ஆண்டுத் தேர்வு உச்ச நீதிமன்றம் வரை போனது. பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு என்று அந்த வழக்கை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். இட ஒதுக்கீடு பற்றிய பகுதிதான் அதில் பிரபலம். அப்போதைய 41 சதவீத ஒதுக்கீட்டை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நான் சொல்ல வந்தது அந்தத் தீர்ப்பின் இன்னொரு மூலையில் இருக்கிற விஷயம்.

கல்லூரிகளை யூனிட் யூனிட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வுக் குழு போட்டிருந்தார்கள். ஒரு குழுவின் கை தாராளம், இன்னொரு குழுவின் கை இறுக்கம். இங்கே குறைந்த மார்க்கில் உள்ளே போகிறவர், அங்கே அதைவிட அதிக மார்க் எடுத்தும் வெளியே நிற்பார். இந்த யூனிட் முறை செல்லாது என்றது நீதிமன்றம்.

இன்டர்வியூ மார்க்கில் வெளிவந்தது இன்னும் சுவாரஸ்யம். ஐந்து தலைப்புக்கும் தனித்தனியாக மார்க் போட்டுக் கூட்ட வேண்டும் என்பது விதி. குழுவினர் அப்படிப் போடவில்லை. ஒரே மொத்தமாக ஒரு நம்பரை எழுதிவிட்டார்கள். 75-க்கு இவ்வளவு, முடிந்தது. இது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொல்லியது.

இதை ஒரு டாக்டராகப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஐ.சி.யூ. சார்ட்டில் பி.பி., பல்ஸ், மூச்சு, யூரின் அளவு எல்லாத்தையும் தனித்தனியா எழுதச் சொன்னா, ஒருத்தர் "பேஷன்ட் நல்லா இருக்கார், 60 மார்க்" என்று எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று எழுதாதபோது, அந்த நம்பர் பிள்ளையை அளக்கவில்லை. பிள்ளையைப் பார்த்ததும் எதிரே இருந்தவர் மனசில் எழுந்த பிடித்தம், பிடிக்காமை, அதைத்தான் அளக்கிறது.

75 மார்க் அதிகம்தான் என்று நீதிமன்றமே கருதியது. ஆனாலும் அதற்காக இன்டர்வியூவை ரத்து செய்யவில்லை. மைசூர் மாநில வழக்கு ஒன்றில் 1964-லேயே இன்டர்வியூ வைக்கலாம் என்று தீர்ப்பு வந்திருந்தது. ஆக அந்த ரூம் அப்படியே இருந்தது, நாடு முழுக்க.

அடுத்தது ஸ்ரீநகர், 1979.

அங்கே ரீஜனல் இன்ஜினியரிங் காலேஜ். (இன்று என்.ஐ.டி.) எழுத்துத் தேர்வுக்கு 100, இன்டர்வியூவுக்கு 50. பொது அறிவுக்கு 15, ஒரு விஷயத்தைப் பரந்து புரிந்துகொள்ளும் திறனுக்கு 15, பாடத்துக்கு வெளியே உள்ள செயல்பாடுகளுக்கு 10, ஆளுமைக்கு 10.

அஜய் ஹாசியா என்ற மாணவரும் மற்றவர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்கள் சொன்ன குறை இதுதான்: இன்டர்வியூ ஒரு ஆளுக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான் நடந்தது. அதிலும் கேட்டது பெற்றோர் யார், வீடு எங்கே. மேலே சொன்ன நான்கு தலைப்புக்கும் சம்பந்தமாக ஒரு கேள்வியும் இல்லை. எழுத்தில் நிறைய வாங்கினவர்களுக்கு இன்டர்வியூவில் குறைவு, எழுத்தில் குறைந்தவர்களுக்கு இன்டர்வியூவில் வாரிக் கொடுத்திருக்கிறார்கள்.

புரியுதா? "அப்பா என்ன பண்றார்?"

எங்க வார்டு அக்கா பொண்ணு அஜய் ஹாசியா வழக்கைப் படிச்சதில்லை. ஆனா 45 வருஷத்துக்கு முன்னாடி ஸ்ரீநகரில் அந்த ரூமுக்குள்ளே என்ன கேட்டாங்களோ, அதே கேள்விக்குத்தான் அவ பயந்துக்கிட்டிருந்தா. அந்த பயம் சும்மா வந்ததில்லை.

1980 நவம்பரில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு வந்தது. மூன்றில் ஒரு பங்கு மார்க்கை இன்டர்வியூவுக்கு வைப்பது தன்னிச்சையானது, 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இன்டர்வியூவை டேப்பில் பதிவு பண்ணி வைத்தால் நல்லது என்றும் சொன்னார்கள். அதற்குள் சேர்ந்த பிள்ளைகள் ஒன்றரை வருஷம் படித்துவிட்டதால் அவர்களை வெளியே அனுப்பவில்லை. பதிலாக, விட்டுப்போனவர்களில் சிறந்த 50 பேருக்குப் பின்னால் கூடுதல் இடம் கொடுக்கச் சொன்னார்கள்.

இந்த 50 என்ற எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க.

தமிழ்நாட்டில் 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. அதை நீக்கும் சட்டம் 2006 டிசம்பரில் நிறைவேறி, 2007-லிருந்து ப்ளஸ் டூ மார்க் மட்டும் என்றானது. அந்த ஜன்னல் திறந்திருந்த நேரத்தில் உள்ளே வந்தவன் நான். 2017-லிருந்து நீட். நீட் பற்றி இங்கே பேசப் போறதில்லை, அதுக்குத் தனியா பத்து இழை வேணும், கமென்ட்டில் சண்டையும் வேண்டாம்.

இப்போ ஒரு கேள்வி. இன்டர்வியூவில் மேலே வந்த பிள்ளைகள் உண்மையிலேயே நல்ல டாக்டராக வந்தார்களா? இதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்றுதான் தோன்றும். ஏனென்றால் கழித்துவிட்டவர்களை யாரும் படிக்க வைத்துப் பார்ப்பதில்லை. அவர்கள் பாட்டுக்கு வேற வேலைக்குப் போய்விடுவார்கள். ஒப்பிட ஆள் இருக்காது.

ஒரே ஒரு தடவை அப்படி ஒரு விபத்து நடந்தது. அதுவும் அதே 1979-ல். இடம் மட்டும் அமெரிக்கா, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹூஸ்டன் மருத்துவக் கல்லூரி.

சுமார் 800 பேரை இன்டர்வியூ பண்ணி, ஒன்றிலிருந்து 800 வரை ரேங்க் போட்டு, மேலே இருந்த 350 பேருக்குள் 150 பேரை எடுத்து முடித்துவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு மாநில சட்டமன்றம் சொன்னது: டாக்டர்கள் போதாது, இன்னும் 50 பேரைச் சேருங்கள்.

மறுபடியும் 50.

அதற்குள் பட்டியலின் மேல்பாதியில் இருந்த நல்ல ரேங்க்காரர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது 700-க்கும் 800-க்கும் நடுவில் இருந்தவர்கள். அதாவது "இவங்க வேண்டாம்" என்று கிட்டத்தட்ட கடைசியில் தள்ளப்பட்டவர்கள். வேற வழியில்லாமல் அவர்களிலிருந்து 50 பேரைச் சேர்த்தார்கள்.

பிறகு ரெண்டு குழுவையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ரெண்டு வருஷப் பாடங்கள், அப்புறம் வார்டு போஸ்டிங், படிப்பை விட்டுப் போனவர்கள், பரிசு வாங்கினவர்கள், படிப்பு முடித்து முதல் வருட மேற்பயிற்சி. 1987-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழான ஜாமாவில் அந்தக் கட்டுரை வந்தது.

வித்தியாசம் இல்லை. எதிலும் இல்லை.

150-க்குள் வந்தவர்களும் 700-க்கு மேலே கிடந்தவர்களும் ஒரே மாதிரிதான் படித்தார்கள், ஒரே மாதிரிதான் டாக்டர் ஆனார்கள். அப்படியென்றால் 100-வது ரேங்க்கையும் 750-வது ரேங்க்கையும் பிரித்தது எது? பெரும்பகுதி, பேராசிரியர்களுக்கு அந்த இன்டர்வியூவில் ஏற்பட்ட அபிப்பிராயம்தான். மார்க் அல்ல.

இதையும் அளவாகத்தான் எடுத்துக்கணும். ஒரே கல்லூரி, 50 பேர். 800 பேரும் ஏற்கெனவே மார்க் பார்த்துச் சலித்து எடுத்தவர்கள்தான், தெருவில் போனவர்கள் இல்லை. "அப்போ யாரை வேணா சேர்க்கலாம்"னு இதுக்கு அர்த்தம் பண்ணிடாதீங்க. ஆனா ஓரளவு படிக்கிற பிள்ளைகளுக்கு நடுவில், ஒரு இன்டர்வியூவில் கழிக்கப்பட்டதை "நான் இதுக்கு லாயக்கில்லை" என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. இந்த வரியை அந்தப் பொண்ணுகிட்ட ரெண்டு தடவை சொன்னேன்.

சரி, மனுஷன்தானே தப்பு பண்றான், கம்ப்யூட்டரிடம் கொடுத்துடலாமேன்னு நீங்க கேட்கலாம். லண்டனில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் அதையும் பண்ணிப் பார்த்தாங்க. இன்டர்வியூவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று முடிவு பண்ண ஒரு புரோகிராம் எழுதி, 1982 முதல் எல்லா விண்ணப்பங்களையும் அதில் போட்டாங்க. பழைய தேர்வாளர்கள் எப்படி முடிவெடுத்தாங்களோ, அதைப் பார்த்து அப்படியே செய்யக் கத்துக்கொண்ட புரோகிராம். அதனால் அவங்க மனசில் இருந்ததையும் சேர்த்துக் கத்துக்கிச்சு. வெள்ளைக்காரப் பெயர் இல்லாவிட்டால் 15 புள்ளி குறை. பெண் என்றாலும் கொஞ்சம் குறை. பிரிட்டனின் இன சமத்துவ ஆணையம் விசாரித்து 1988-ல் இதை வெளியிட்டது. வருஷத்துக்கு சுமார் 60 பேர் இன்டர்வியூ அழைப்பே இல்லாமல் இப்படிக் கழிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கு. ரெண்டு சீனியர் ஆசிரியர்கள் துணிஞ்சு புகார் பண்ணினதால்தான் விஷயமே வெளியே வந்தது.

இதுக்கு அப்புறம்தான் சிலர் உருப்படியா யோசிச்சாங்க. கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம். ஒரே ரூம், ஒரே குழு, ஒரே மொத்த மார்க் என்பதை உடைத்துப் போட்டார்கள். பத்து ஸ்டேஷன். ஒவ்வொன்றிலும் எட்டு நிமிஷம், வேறு வேறு ஆள், வேறு வேறு சூழ்நிலை. மணி அடிச்சா அடுத்த ஸ்டேஷன். கெவின் ஈவாவும் அவர் சகாக்களும் 2004-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இப்போது உலகத்தில் பல மருத்துவக் கல்லூரிகளில் இந்த முறைதான். மெடிக்கல் படிச்சவங்களுக்குச் சட்டுனு புரியும்: நம்ம ஆஸ்கி எக்ஸாம்தான் இது, அட்மிஷனுக்கு.

இதில் லாபம் என்னன்னா, ஒரு ஸ்டேஷனில் இருக்கிறவருக்கு உங்க முகமோ பேச்சோ பிடிக்கலைன்னா போவது பத்தில் ஒரு பங்குதான். எல்லாருக்கும் ஒரே கேள்வி. உதாரணத்துக்கு, கூட வேலை செய்யறவர் தப்பு பண்ணுவதைப் பார்த்துட்டீங்க, என்ன செய்வீங்க? இந்த மாதிரி கேள்விக்கு டாக்டர் மாமா வீட்டுக்கு வந்து போயிருக்கணும்னு அவசியமில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்ன பிள்ளையும் பதில் சொல்லலாம்.

இதை எல்லாம் சொல்லிட்டு அந்தப் பொண்ணோட விண்ணப்பத்தைத் திறக்கச் சொன்னேன். பாடத்துக்கு வெளியே என்ன செய்தீர்கள் என்ற இடத்தில் ஒரு வார்த்தை: "இல்லை".

ஏம்மா, ஒண்ணுமே பண்ணலையா? ஸ்கூலில் என்.எஸ்.எஸ். இல்லை சார், ஸ்போர்ட்ஸ் வராது சார். சரி, ஸ்கூல் விட்டு வந்து சாயங்காலம் என்ன பண்ணுவே? "அப்பா கூட வேலை செய்யறவங்க கணக்கு எழுதுவேன் சார்."

அப்புறம் மெதுவா வந்துச்சு கதை. அப்பாவோட சேர்த்து எட்டுப் பேர் ஒரு குழு. லாரிக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி மொத்தமாக வரும். யார் எத்தனை நடை தூக்கினாங்க, யார் பாதியில் போனாங்க, யார் முன்பணம் வாங்கினாங்க எல்லாம் பார்த்துப் பிரிக்கணும். முன்னாடி சனிக்கிழமை ஆனா சண்டை. ஒன்பதாவது படிக்கும்போது இவ ஒரு நோட்டில் எழுத ஆரம்பிச்சிருக்கா. யாருக்காவது ஒரு நாள் உடம்பு முடியலைன்னா அவருக்குப் பாதிக் கூலி என்று ஒரு விதியை இவளே சொல்லி, எட்டுப் பேரும் ஒத்துக்கிட்டிருக்காங்க. நாலு வருஷமா சண்டை இல்லை.

இதை "இல்லை"ன்னு எழுதியிருக்கா.

1970-ன் ஐந்து தலைப்பில் இதுக்கு மார்க் போட இடமே கிடையாது. இப்போதைய இன்டர்வியூவில் இடம் இருக்கு, ஆனா நீங்க எடுத்துச் சொன்னாத்தான். அவங்களாகக் கண்டுபிடிக்க மாட்டாங்க. தயாரிப்புன்னு நான் சொல்றது இதைத்தான். இன்டர்நெட்டில் கிடைக்கிற "உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன" பதில்களை மனப்பாடம் பண்றது வேண்டவே வேண்டாம். எதிரே இருக்கிறவங்க அதை அன்னைக்கே இருபது தடவை கேட்டிருப்பாங்க. நீங்க நிஜமா செஞ்ச ரெண்டு மூணு காரியத்தை எடுத்துக்கோங்க. என்ன பிரச்சினை இருந்தது, நீங்க என்ன பண்ணீங்க, அப்புறம் என்ன ஆச்சு, எங்கே சொதப்பினீங்க, இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. மனசுக்குள்ளே சொல்லிக்கிட்டா எல்லாருக்கும் சரளமாத்தான் வரும். வாயைத் திறந்தாத்தான் எங்கே இடிக்குதுன்னு தெரியும். அம்மாகிட்ட சொல்லுங்க, ஸ்கூல் டீச்சர்கிட்ட சொல்லுங்க. உங்களைத் தெரியாத ஒருத்தர்கிட்ட ஒரு தடவையாவது சொல்லுங்க. இங்கிலீஷ் தடுக்கினா நிறுத்தி, சின்னச் சின்ன வாக்கியமா பேசுங்க. தெரியாத கேள்வி வந்தா தெரியலைன்னு சொல்லிட்டு, யோசிக்கிறதைச் சத்தமா யோசிங்க.

அப்பா கேள்வி? "மார்க்கெட்டில் லோடுமேன்." அவ்வளவுதான். குரல் இறங்க வேண்டாம். கூடவே "ஆனா" போட்டு ஒரு சோகக் கதையும் வேண்டாம். அதுக்கு மேல கேட்டாங்கன்னா அந்தக் கணக்கு நோட்டைப் பத்திச் சொல்லு, நோட்டையே கையில வெச்சுக்கோன்னு சொல்லியிருக்கேன்.

நேத்து சாயங்காலம் எங்க குவார்ட்டர்ஸில் ஒத்திகை. நான், ஒரு பி.ஜி. தம்பி, ஒரு ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டர், மூணு ரூமில் மூணு பேர். எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை போனில் மணி. முதல் சுற்றில் என்கிட்ட நாலு வாக்கியத்துக்கு மேல பேசலை. மூணாவது சுற்றில் பி.ஜி. தம்பி, "உடம்பு முடியலைன்னு பொய் சொல்லி ஒருத்தர் பாதிக் கூலி வாங்கினா என்ன பண்ணுவே?"ன்னு மடக்கியிருக்கான். "அது ஏற்கெனவே நடந்துச்சு சார்"னு ஆரம்பிச்சவ, மணி அடிச்சும் நிறுத்தலையாம்.

வியாழக்கிழமை 11 மணிக்கு இன்டர்வியூ. அவங்க வீட்டில் சிக்னல் கிடையாது, அதனால இங்கேயே வந்து உட்காரச் சொல்லியிருக்கேன். என் போன் ஹாட்ஸ்பாட்தான். புதன் நைட் டியூட்டி முடிஞ்சு வரும்போது அதில் சார்ஜ் இருக்கணும்.